எதிரே அமர்ந்திருப்பவர்

இலக்கியத்திற்கென நடைபெறும் திங்களிதழில் விளையாட்டைப் பற்றித் திறனாய்வா என அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சீறாப்புராணமும் குணங்குடியார் பாடல்களும் ஆயப்பெறும் பக்கங்களில் பகடைக்கும் காய்க்கும் என்ன வேலை என்பது நியாயமான வினாவே. ஆயினும், கடந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் வளர்ந்து, இன்று நம் பெருநகரங்களின் இளைஞர் சிலரிடையேயும் இடம்பெற்றுவிட்ட ஒருவகை ஆட்டம், கதையும் காப்பியமும் இதுகாறும் செய்துவந்த பணியில் ஒரு பங்கைத் தன்மேல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதனை இலக்கிய அளவுகோல் கொண்டு அளந்து பார்க்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

ஆட்டம் இதுதான். ஒரு மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்கின்றனர். அவருள் ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லால் படைத்துக் காட்டுகிறார். மற்றவர் ஒவ்வொருவரும் அவ்வுலகில் வாழும் ஒரு மாந்தராகத் தம்மைப் பாவித்துக்கொள்கின்றனர். "கோட்டை வாயிலில் நிற்கிறீர்கள், காவலன் ஊரும் பேரும் கேட்கிறான், என்ன செய்கிறீர்கள்?" என்று முதலாமவர் வினவுகிறார். ஒருவர் உண்மை சொல்கிறார். ஒருவர் பொய் சொல்கிறார். ஒருவர் காவலனுக்குக் காசு நீட்டுகிறார். விதிநூலும் பகடையும் நடத்துபவரின் தீர்ப்பும் சேர்ந்து விளைவை முடிவு செய்கின்றன. அவ்விளைவிலிருந்து அடுத்த வினா பிறக்கிறது. ஓரிரவில் முடிவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் நீள்வதும் உண்டு. பாத்திர விளையாட்டு என்று இதனை இக்கட்டுரையில் வழங்குவோம். இதனை ஆக்குபவரும் நடத்துபவரும் எத்தகையோராக இருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வகையில் அச்சேறி விலைக்கு வந்த முதல் நூலாகிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974 சனவரியில் வெளியாயிற்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்னும் இருவர் அதன் ஆசிரியர்கள். அதே சனவரித் திங்கள் 14ஆம் நாளன்றுதான் திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பெற்றது. இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் இம்மாவட்டத்தை முன்வைத்தே இவ்வாட்டத்தை எடைபோட எண்ணியுள்ள நமக்கு அப்பொருத்தம் சற்றே இனிக்கத்தான் செய்கிறது.

தமிழகத்தின் பிற பகுதிகளைப் போன்றே புதுக்கோட்டைச் சீமையின் திண்ணைகளுக்கும் மரத்தடிகளுக்கும் படையாட்டம் புதியதன்று. கரித்துண்டால் முக்கோணம் ஒன்று வரைந்து, குறுக்கே கோடுகள் இழுத்து, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் காய்களாகக் கொண்டு ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை அறியாதார் முதியோரில் அரியர். இருபத்து மூன்று புள்ளிகள்; மூன்று புலிகள்; பதினைந்து ஆடுகள். புலி தாவி ஆட்டை வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. அது புலியின் வழியை அடைக்க மட்டுமே வல்லது. ஒருபக்கம் வலிமை, மறுபக்கம் எண்ணிக்கையும் பொறுமையும். இரு தரப்புக்கும் ஒரே படையைக் கொடுத்துச் சமன்செய்வது எளிது. ஒவ்வாத இரண்டு தரப்புகளை எதிரெதிரே நிறுத்தி, இரண்டிற்கும் வெல்லும் வழி வைப்பது பெருந்திறம். ஆசிரியர் பெயர் அறியப்படாத இவ்வாட்டத்தை ஆக்கியவர், இன்று மேலைநாட்டில் ஆட்டம் வகுக்கும் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஒருமுறை புலியாடியவர் மறுமுறை ஆடாக அமர்கிறார் என்பதையும் வாசகர் மனத்தில் கொள்க.

ஆடுபுலிக்கோ சதுரங்கத்திற்கோ நடுவர் தேவையில்லை. விதி வெளிப்படையானது, காய் நின்ற இடம் எல்லார் கண்ணிலும் படுவது. இதனால் விளையும் நன்மையொன்றை அப்பாஸிய அவையின் நிகழ்ச்சியொன்று காட்டும். கலீபா முக்தஃபீயின் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர்தம் அன்புக்குரிய சதுரங்க வல்லுநராக மாவர்தீ என்பவர் விளங்கினார். அவருக்கு எதிரே ஸூலீ என்னும் அறிஞர் அமர்த்தப்பட்டார். கலீபா மாவர்தீயின் பக்கம் நின்று வெளிப்படையாகவே ஊக்கமளித்தார். ஆயினும் ஸூலீ ஐயத்திற்கிடமின்றி வென்றார்; கலீபாவும் தம் அன்பரைக் கைவிட நேர்ந்தது. பலகைக்கு முன் கலீபாவின் விருப்பம் எடுபடவில்லை. காய்களுக்கு முகத்தாட்சண்யம் இல்லை.

ஆனால் கற்பனை உலகம் ஒன்று பலகையின் இடத்தில் வந்து அமர்ந்தவுடன் இப்பாதுகாப்பு அகன்றுவிடுகிறது. கோட்டைக் காவலன் காசை வாங்கிக்கொண்டு வழிவிட்டானா, கையைப் பிடித்து உள்ளே தள்ளினானா என்பதை எந்தக் கட்டமும் காட்டாது. யாரேனும் ஒருவர் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் கலீபாவைப் போலத் தம் அன்பருக்குப் பரிந்தால் என் செய்வது? அல்லது, தாம் முன்னரே வகுத்த கதை கெட்டுவிடுமே என்று எல்லா வழியையும் அடைத்தால்? இதுவே இவ்வகை ஆட்டத்தின் உயிர்நிலையான சிக்கல். இதனை அவிழ்க்க நம் இலக்கியத்திலேயே ஒரு கருவி கிடைக்கிறது.

வினாவும் விடையுமாக நடக்கும் மசலா இலக்கியம் தமிழ் முஸ்லிம்களுக்கே உரிய தனிச்செல்வம். முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் காலத்தால் முந்தியதாகக் கொள்ளப்பெறும் ஆயிரம் மசலாவே அவ்வகையினதுதான். வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் மதுரையில் அரங்கேற்றிய அந்நூலில், யூத வேத அறிஞராகிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் அமர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வினாக்களைத் தொடுக்கிறார். விடைகளில் நிறைவுற்று இஸ்லாத்தைத் தழுவுகிறார். நூறு மசலாவில் இளவரசி மெகர்பானு வினவுகிறாள், அப்பாசு விடையிறுக்கிறான். வெள்ளாட்டி மசலாவிலோ ஓர் அடிமைப்பெண்ணே நாயகி. அதன் மூலமாகிய, ஆயிரத்தோர் இரவுகளில் இடம்பெற்ற தவத்துத் என்பவளின் அரபுக் கதையில், கலீபா ஹாரூன் ரஷீதின் அவையறிஞர்கள் ஒவ்வொருவராக அவளிடம் தோற்றுத் தம் மேலாடையைக் களைந்து கொடுக்கின்றனர். இறுதியில் சதுரங்க வல்லுநரும் அவளெதிரே வந்தமர்ந்து, அவள் தன் காய்கள் சிலவற்றை விட்டுக்கொடுத்து ஆடியபின்னும் தோற்றுப்போகிறார். பலகைக்கு முன் அடிமையும் அறிஞரும் நிகர். ஆட்டம் முடிந்தபின் அவள் கேட்பதோ தன்னை விற்ற ஆண்டையிடமே திரும்பச் செல்லும் வரம். அக்கதையின் துன்பமும் உண்மையும் அங்கேதான் இருக்கின்றன. இது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள்.

மசலாவில் இருவர் எதிரெதிரே அமர்கின்றனர். ஒருவர் சொல்லுக்காக மற்றவர் காத்திருக்கிறார். இது பாத்திர விளையாட்டின் அமைப்பேதான். ஆனால் வேறுபாடு பெரிது. மசலாவின் விடை ஏற்கெனவே எழுதப்பட்டது. மெகர்பானுவின் வினாவுக்குப் பொருந்தும் விடை ஒன்றே. அதனை அறிந்தவன் வெல்கிறான். மார்க்க அறிவையும் உலகறிவையும் ஊட்ட எழுந்த இலக்கியத்தில் அவ்வாறுதான் இருக்க இயலும்; அதில் குறைகாண்பது அறியாமை. ஆட்டத்தில் மட்டும் அது குறையாகிவிடும். நடத்துபவர் தம் மனத்தில் ஒற்றை விடையை வைத்துக்கொண்டு மற்றவரை வினவினால், அங்கே நடப்பது தேர்வு. அவரே எதிர்பாராத விடையை ஒருவர் கூறும்போது, அதனை நேர்மையாக எடைபோட்டு, உலகத்தை அதற்கேற்ப அசையவிடுவதுதான் ஆட்டம்.

மேலைநாட்டில் இவ்வுண்மையை முதலில் உணர்ந்தவர்கள் கதை சொல்வோர் அல்லர். பிரஷ்ய நாட்டுப் படைத்துறையினர். ரைஸ்விட்ஸ் என்பார் 1812இல் அரசருக்குக் காட்டிய போராட்டத்தை, அவருடைய மகன் திருத்தி 1824இல் நூலாக்கினார். எதிரெதிர்த் தளபதிகள் இருவரும் தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் தருவர். நடுவர் நிலப்படத்தில் படைகளை நகர்த்தி, ஒவ்வொருவருக்கும் அவர் கண்ணுக்குப் படக்கூடியதை மட்டுமே தெரிவிப்பார். மலைக்கு அப்பாலுள்ள பகைப்படை மலையேறும்வரை அவருக்குத் தெரியாது. இழப்பைக் கணக்கிடப் பகடையும் அட்டவணையும் இருந்தன. 1876இல் வெர்டி து வெர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளை ஒதுக்கி, பட்டறிவுடைய நடுவரின் தீர்ப்பே போதும் என்று வாதிட்டார். பின்னர் 1969 அளவில், அமெரிக்க மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் படைத்தலைவர்க்கு மட்டுமன்றி ஊர்த்தலைவர், மாணவர் முதலிய தனிமாந்தர்க்கும் இருக்கை அளித்து ஓர் ஆட்டம் நடத்தினார். அவ்வாட்டத்தில் அமர்ந்த ஆர்னஸன் அதிலிருந்து கற்றதே, சில ஆண்டுகளில் மேற்சொன்ன 1974ஆம் ஆண்டு நூலாயிற்று.

அதே மின்னசோட்டாவில்தான் நம் கவனத்தைப் பெரிதும் ஈர்க்கும் ஆசிரியரும் வாழ்ந்தார். அவர் பெயர் முஹம்மது அப்துர் ரஹ்மான் பார்க்கர். 1929இல் அமெரிக்காவில் பிலிப் பார்க்கராகப் பிறந்து, 1950களின் தொடக்கத்தில் மொழியாய்வுக்கென இந்தியா வந்தபோது இஸ்லாத்தைத் தழுவியவர். கிளாமத் என்னும் அமெரிக்கப் பழங்குடி மொழிக்கு இலக்கணமும் அகராதியும் ஆக்கினார். மக்கில் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியக் கல்வி நிலையத்திலும், பின்னர் 1972 முதல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். ஆங்கிலம் வழி உருதுவைக் கற்போர் நெடுங்காலம் நம்பியிருந்த பாடநூல் அவர் பிறரோடு சேர்ந்து 1967இல் வெளியிட்டது. இத்தகைய பேரறிஞர், சிறுவயது முதல் தம் உள்ளத்தில் வளர்த்துவந்த டெக்குமேல் என்னும் கற்பனை உலகத்தை 1975இல் 'இதழ் அரியணைப் பேரரசு' என்று பொருள்படும் பெயரில் ஆட்டநூலாக வெளியிட்டார். தனியோர் உலகத்தை முழுமையாக விரித்துரைத்த பாத்திர விளையாட்டுகளில் இதுவே முன்னோடி எனலாம்.

அவ்வுலகத்தின் வளம் வியப்பூட்டுவது. மற்ற ஆசிரியர்கள் ஐரோப்பிய இடைக்காலத்துக் குதிரைவீரரையும் கோட்டைகளையும் சுற்றிச்சுற்றி வந்தபோது, பார்க்கர் பண்டை எகிப்து, மாயர், அஸ்டெக்குகள், இந்தியா ஆகியவற்றின் சாயல்களைக் கலந்து, குலங்களும் கோயில்களும் அரசாங்கப் படிநிலைகளும் நிறைந்த ஒரு நாகரிகத்தை எழுப்பினார். விண்மீன்களே இல்லாத வானம். இரும்பு அரிதாகிப்போன நிலம். அவர் வகுத்த ட்சோல்யானு மொழியில் 'நீ' என்னும் ஒன்றைச் சொல்லவே பற்பல வடிவங்கள் உள்ளன. எதிராளியின் குலமும் பதவியும் அறியாமல் வாய்திறப்பது ஆபத்து. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிகளை வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டில் எந்தப் படியில் நிற்பதென்று தடுமாறும் நமக்கு இது புரியாத பொருளன்று.

இருபது தெய்வங்களை ஒரு முஸ்லிம் கற்பனை செய்யலாமா என்று கேட்பார் உளர். கற்பனைப் பாத்திரத்தின் வாய்மொழி ஆசிரியரின் கலிமா ஆகாது என்ற அளவோடு இதனை விட்டுவிடுவோம். அரபு மண்ணில் வயலும் வாவியும் பாடிய உமறுப்புலவரை ஏற்றுக்கொண்ட சமுதாயத்திற்குக் கற்பனையின் உரிமை பற்றி நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை.

பார்க்கரின் மிகச் சிறந்த ஆட்டநுட்பம் தொடக்கத்தில் இருக்கிறது. ஆட வருவோர் எல்லாரும் ஜக்காலா என்னும் துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கும் அயல்நாட்டு ஏழைகள். நகரின் வழக்கமும் தெரியாது, பேச்சும் தெரியாது. அயலார் சேரியில் தங்கி, எவரும் ஏற்காத வேலைகளை ஏற்று, மெல்ல மதிப்புப் பெறவேண்டும். புதிய உலகத்தை அறியாத வாசகனையும் அதனை அறியாத பாத்திரத்தையும் ஒன்றாக்கிவிட்ட இவ்வுத்தியை எத்தனை பாராட்டினும் தகும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய நம் கடற்கரை மக்களின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு, அந்தப் படகுத்துறையில் ஒருகணம் மூச்சு நிற்கும்.

குறையும் அங்கிருந்தே தொடங்குகிறது. அவ்வுலகம் ஆசிரியரின் ஏட்டில் முன்பே நிறைவுற்றுவிட்டது. எந்தக் கோயிலில் எந்த நிறத்து ஆடை, எந்தப் பதவிக்கு எத்தகைய வணக்கம் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவானவை. ஆடுபவர் அவற்றைக் கற்றுக்கொள்ளத்தான் முடியும். நூலைத் திறந்து தாமே நடத்த முற்படும் எவரும், ஆசிரியர் இங்கிருந்தால் என்ன சொல்வார் என்றே ஒவ்வொரு கணமும் தயங்கவேண்டியிருக்கிறது. ஆசான் மாணவன் உறவு மேலோங்கிவிடுகிறது. அறிவுக்கடலாகிய அவ்வாட்டம் மீண்டும் மசலாவாகிவிடுகிறது என்பதே எமது துணிபு. அது பரவலாக ஆடப்படாமல், அன்பர் சிலரின் அரும்பொருளாக நின்றுவிட்டதற்கு இதனையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

இந்த அளவோடு நிறுத்திக்கொண்டு, 2012இல் மறைந்த அறிஞருக்கு நன்றி கூறி முடிக்க நமக்கும் ஆசைதான். அவ்வாறு செய்ய இயலாது. 1991இல் 'சர்ப்பன்ட்ஸ் வாக்' என்னும் நாவல் ஒன்று புனைபெயரில் வெளிவந்தது. நாஜிகளின் வாரிசுகள் மறைந்திருந்து மீண்டும் உலகை ஆளமுற்படுவதை அவர்கள் பக்கம் நின்று எழுதிய நாவல். வெளியிட்டதும் நவநாஜிப் பதிப்பகம். அதனை எழுதியவர் பார்க்கரே என்பதை, அவர் படைப்புகளைக் காத்துவரும் டெக்குமேல் அறக்கட்டளையே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டு வெளியிட்டது. யூதப் படுகொலையை மறுக்கும் இதழ் ஒன்றின் ஆலோசனைக் குழுவிலும் அவர் பெயர் 1990 முதல் ஆண்டுகள் பல இடம்பெற்றிருந்தது.

நம்மவர் என்று பெருமைகொள்ளும் ஆர்வத்தில் இதனை மூடிமறைப்பது இவ்விதழின் பக்கங்களுக்கு அழகன்று. பலஸ்தீனத்து மக்களின் துயரத்தைச் சுட்டி இதற்குச் சமாதானம் தேடுவாரும் உண்டு. அத்துயரத்திற்கு இழைக்கும் அவமதிப்பு அது. நம் இலக்கியத்தின் பழம்பெரும் நூல், ஒரு யூத அறிஞரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எதிரே அமர்த்தி, அவருடைய ஆயிரம் வினாக்களையும் பொறுமையோடு கேட்டு விடைதரும் காட்சியைக் கொண்டது. அந்த இருக்கையை அகற்றிவிட்டு எழுதப்பட்டது பார்க்கரின் நாவல்.

திறனாய்வாளர் நோக்கில் இங்கு கவனத்திற்குரியது ஒன்றுண்டு. அவர் வெறுப்பைக் கொட்டியது எதிரே யாரும் அமராத வடிவத்தில். அதுவும் தம் பெயரை மறைத்து. ஆட்டமேசையில் அவர் முன் பல்லாண்டுகள் மக்கள் அமர்ந்தனர்; வினவினர்; மறுத்தனர். மேசை அவரைத் திருத்திவிட்டது என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. திருத்தவில்லை என்பதற்கு நாவலே சான்று. ஆனால் மறுமொழிக்கு இடமில்லாத வடிவத்தை அந்த நாவலுக்கு அவர் தேர்ந்தது தற்செயல் என்றும் நமக்குத் தோன்றவில்லை. டெக்குமேலை இனி ஆடலாமா என்று வினவுவோர்க்கு நாம் கூறுவது: ஆடுங்கள், ஆனால் ஆசிரியர் இருக்கையை ஒழித்துவிட்டு ஆடுங்கள். அவர் ஏட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இனிப் பகடை. நம் வாசகர்க்கு இது சிறிய செய்தியன்று. நர்தஷீர் எனும் பகடையாட்டத்தை நபிமொழி கடுமையாக விலக்குகிறது. சதுரங்கத்தைப் பொறுத்தவரை, பந்தயம் இன்றியும் தொழுகை தவறாமலும் ஆடினால் அது மக்ரூஹ் என்ற அளவிலேயே ஷாஃபிஈ மத்ஹபு நின்றது. ஹனஃபி ஃபிக்ஹு அதனினும் கடுமை உடையது. கணக்கையும் சிந்தனையையும் நம்பிய ஆட்டம் வேறு, குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் வேறு என்று ஷாஃபிஈ அறிஞர்கள் வகுத்த கோடு கூர்மையானது. கடற்கரையில் பெரும்பாலும் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபிகளும் வாழும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இக்கோட்டின் இருபுறமும் ஆள் இருப்பர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸோ இருபது முகமுடைய பகடையையே நெஞ்சாகக் கொண்டது. பகடையே இன்றி ஆடும் வகையும் உண்டு. 1991இல் எரிக் வூஜ்சிக் வெளியிட்ட 'ஆம்பர்' அதற்குப் பெயர்பெற்ற காட்டு.

பகடையை நீக்கினால் மார்க்கச் சிக்கல் ஒன்று தீரும். அறச்சிக்கல் ஒன்று வளரும். பகடை நடுவரின் பாரத்தைப் பாதி சுமக்கிறது. "விழுந்தது இது, நான் என் செய்வேன்?" என்று அவர் கைவிரிக்கலாம். பகடை போனபின் தீர்ப்பு முழுவதும் அவர் கையில் அமானிதம். வெர்டி து வெர்னுவாவின் வழி எளிதென்று எண்ணியவர்கள் இதனைக் கணக்கில் கொள்ளவில்லை. காஜியார் மட்டும் இருந்து சட்டநூல் இல்லாத மன்றம் அது. ஆகவே பகடையில்லா ஆட்டம் வகுப்போர், நடுவர் எதைச் செய்யலாகாது என்பதை முதலில் எழுதவேண்டும்.

இதனைப் புதுக்கோட்டையின் பழைய புண்ணொன்றில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். வடக்கே தப்பிவந்த கட்டபொம்மன், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் திருக்களம்பூர்க் காட்டுப்பகுதியில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கும்பெனியாரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். விசயரகுநாதத் தொண்டைமானுக்குக் கும்பெனி 1803இல் கீழாநிலையை வழங்கிற்று. அவர் மரபு 1948 மார்ச் 3இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை ஆண்டது. இருநூறாண்டுகளுக்கு மேலாகியும் 'காட்டிக்கொடுத்த சீமை' என்ற பேச்சு ஓயவில்லை. மேடைநாடகமும் 1959ஆம் ஆண்டுத் திரைப்படமும் கட்டபொம்மனுக்கு அழியாத குரல் கொடுத்தன. தொண்டைமானின் இருக்கையில் தமிழ்மக்கள் எவரும் அமர்ந்து பார்த்ததில்லை. அமர்ந்து பார்க்க வைப்பது ஆட்டத்தால் மட்டுமே கூடும்.

பலகைக்கு வேறெங்கும் போகவேண்டாம். ஆடுபுலிக் கட்டமே போதும். யார் புலி, யார் ஆடு? பாளையக்காரர்கள்தாம் புலிகள், ஒவ்வொருவரும் தனித்தனியே பாய்ந்தவர்கள். ஒரு புள்ளி, அடுத்த புள்ளி என்று அவசரமின்றி வழியடைத்துக்கொண்டே வந்த ஆடுகள் கும்பெனியார். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையங்களின் பேஷ்குஷ் வசூல் கும்பெனிக்கு வந்தது ஒரு புள்ளி. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீரமரணம் எய்தியது மற்றொரு புள்ளி. அதற்குப்பின் பாயும் புலிக்குத் தாவி இறங்க இடமில்லை. தொண்டைமான் புலியாகப் பிறந்து ஆடுகளின் பக்கம் நகர்ந்த காய். ஆடுபுலி விதியில் இல்லாத இந்நகர்வுக்குப் புதுவிதி வகுக்கவேண்டும்.

இருக்கைகள் ஐந்து போதும். கட்டபொம்மன், தொண்டைமான், பானர்மன் ஆகிய மூவர் இன்றியமையாதவர். நான்காவது சேப்பாக்கத்து நவாபு உம்தத்துல் உமரா. பாளையங்களுக்கெல்லாம் பெயரளவில் மேலாண்மை உடையவர், ஒரு சிப்பாயையும் அசைக்க இயலாதவர், 1801இல் அவர் மறைந்ததும் ஆட்சியே கும்பெனிக்குப் போனது. இவ்விருக்கையை எவரும் விரும்பமாட்டார். ஆதலின் நம் சமுதாயத்து இளைஞர் ஒருவர் இதில் அமர்வது நன்று. பெரும்பட்டங்களைச் சுமந்துகொண்டு கையொப்பமிட மட்டுமே உரிமைபெற்றிருப்பது எத்தகையது என்பதை வரலாற்றுநூலைவிட இது நன்கு கற்பிக்கும். ஐந்தாவது திருக்களம்பூர்க் குடியானவர் ஒருவர். அரசியல் ஏதும் அறியாதவர். ஆனால் புதுமுகங்கள் காட்டில் தண்ணீர் தேடுவதை முதலில் காண்பவர் அவரே.

ஒவ்வொருவருக்கும் அவர் அன்று அறிந்திருக்கக்கூடியது மட்டும் சீட்டில் எழுதித் தரப்படும். தொண்டைமானின் சீட்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கும். கீழாநிலையின்மேல் அவர் முன்னோர் கொண்டிருந்த ஆசை இருக்கும். கும்பெனியின் வேண்டுகோள் இருக்கும். கயத்தாறு இருக்கக்கூடாது. ஒப்படைக்கப்படுபவருக்குச் சிறையா, தூக்கா என்பது அவர் அறியாதது என்று வைத்தால் ஆட்டம் ஒருவகை. அறிந்தே இருந்தார் என்று வைத்தால் முற்றிலும் வேறுவகை. ஆட்டம் வகுப்பவர் இவ்விடத்தில் நழுவுதல் கூடாது. எமது விருப்பம், சீட்டில் அதனை எழுதாமல் விட்டு, தொண்டைமானாக அமர்ந்தவர் கேட்டால் மட்டும் பானர்மனாக அமர்ந்தவர் விடை சொல்லவேண்டும் என்று விதிப்பது. கேட்காமலே ஒப்படைப்பவர் எத்தனை பேர் என்பது ஆடிப்பார்த்தால் தெரியும்.

நடுவருக்குரிய விதிகளில் முதலாவது, கட்டபொம்மன் பிடிபட்டே ஆகவேண்டும் என்று அவர் கருதலாகாது என்பது. தொண்டைமான் மறுத்தால் மறுப்பு மறுப்பே. பானர்மனின் படை புதுக்கோட்டை எல்லைக்குள் வருமா, எத்தனை நாளில் வரும் என்று அவர் எடைபோட்டுச் சொல்லலாம். மறுத்தவரைத் தண்டித்து வரலாற்றைப் பழைய தடத்தில் தள்ளிவிடும் உரிமை அவருக்கில்லை. இரண்டாவது, தீர்ப்பின் காரணத்தை ஆட்டம் முடிந்தபின் ஐவர் முன்னும் அவர் சொல்லியாக வேண்டும். மூன்றாவது, காரணம் தவறென்று ஐவரில் மூவர் கூறினால், அடுத்த முறை அவர் நடுவராக அன்றித் திருக்களம்பூர்க் குடியானவராக அமரவேண்டும்.

நடுவராக யாரை அழைப்பது என்பதுதான் எஞ்சியிருப்பது. புதுக்கோட்டை நகரத்தவர் என்றால் பழைய அரண்மனைக்குப் பரிவார். ஓட்டப்பிடாரம் பக்கத்தவர் என்றால் தொண்டைமானின் இருக்கையில் முள் பரப்பிவிடுவார். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்கள் சமஸ்தானத்தில் அடங்கியிருந்தவை அல்ல; தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிந்த அறந்தாங்கிப் பகுதியோடு இம்மாவட்டத்திற்கு வந்துசேர்ந்தவை. தொண்டைமானின் உப்பைத் தின்ற கடனும் இல்லை; பாஞ்சாலங்குறிச்சியின் பகையும் இல்லை. அங்கிருந்து பொறுமைசாலியான பெரியவர் ஒருவரை, மஃரிபு தொழுதபின் வந்தமருமாறு கேட்டுப்பார்க்கலாம்.